எண்ணெயில் குழைத்த பொட்டு

வீரணன் அந்தக் குளிர் நாட்டுப் பால்பண்ணைக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காய்ச்சலோடு வேலை பார்த்த நாட்களில் அவன் சாய்ந்து நின்று சூடு வாங்கிக்கொண்டது 214ஆம் எண் மாட்டின்மேல்; அது ஒருநாளும் விலகியதில்லை. மாட்டுப் பொங்கலன்று அதற்கு ஏதாவது செய்யாமலிருக்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. கொம்பைக் கன்றிலேயே தீய்த்துவிட்டிருந்ததால் வர்ணம் பூச வழியில்லை. பனியில் கரையாதிருக்கக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, அதன் வெள்ளை நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டான். தீவனம் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பியபோது மாட்டைக் காணோம். கூட வேலை பார்க்கும் சூசையண்ணன் ஓடிவந்தார். “ஏலே, செவப்பு நீயா வச்ச? இங்க அது அடிமாட்டுக்கு வைக்கிற அடையாளம்லா. லாரிக்காரன் வந்து ஏத்திட்டான். செவப்பு இருக்கிறவரைக்கும் எறக்கமாட்டேங்கான்.” வீரணன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, லாரியின் கம்பிகளுக்குள் கைவிட்டு நெற்றியைத் தேய்த்தான். எண்ணெய் விடவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கண்வரை, பிறகு மூக்குவரை இறங்கியது. லாரியின் இஞ்சின் உறுமியது. தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்த மாடு, கண்களை மூடிக்கொண்டு, அவன் கைக்கு வாட்டமாகத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தியது.