கனடா இன்சுலின்தான் ஒத்துக்குது

"இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவங்க உருப்படுவாங்களா?" என்றார் ஓரின்.

சர்ச் கூடத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து. வயதானவர்களுக்கு இன்சுலின் இனிமேல் மாதம் முப்பத்தைந்து டாலருக்கு மேல் போகாது என்று வாஷிங்டனில் சட்டம் போட்டதில் ஊரே குளிர்ந்து போயிருந்தது. ஓரின் மட்டும் எதையோ பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"யோவ், இதே சட்டம் வேணும்னு கொட்டுற பனியில அட்டையைத் தூக்கிக்கிட்டு நின்னது நீதானேய்யா?" என்றான் பஸ் ஓட்டும் கில்மன்.

நின்றது வாஸ்தவம்தான். அது லொரெய்னைப் பார்ப்பதற்கு முந்தி.

மாதம் ஒருமுறை கில்மனின் பஸ் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போகும். ஊர்ப் பெரிசுகள் எல்லாம் மடியில் ஆளுக்கொரு ஐஸ் பெட்டியோடு ஏறி, அங்கே சல்லிசாக இன்சுலின் வாங்கித் திரும்புவார்கள். மூன்று வருஷமாக ஓரினுக்குப் பக்கத்து சீட்டில் லொரெய்ன். இவருக்குப் பெண்சாதி இல்லை, அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லை. போகிற வழியில் அந்தம்மா வெல்லப்பாகு டோனட் இரண்டை அலட்டிக்கொள்ளாமல் சாப்பிடுவார். ஒரு கடி கடித்தாலே தனக்கு எகிறிவிடுகிறதே, இந்தப் பெண்பிள்ளை சர்க்கரையை எப்படித்தான் கட்டுக்குள் வைத்திருக்கிறாளோ என்று ஓரின் மலைத்துப்போவார்.

மழை, பனி, உருளைக்கிழங்கு விளைச்சல் என்று எல்லாம் பேசுவார். பேச வேண்டியதை மட்டும் பேசமாட்டார். அடுத்த மாசம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவருக்கு, அடுத்த மாசத்துக்கே அரசாங்கம் வேட்டு வைத்துவிட்டது.

ஆள் சேராவிட்டால் பஸ் கிடையாது என்று கில்மன் கறாராகச் சொல்லிவிட்டான். ஓரின் வீடு வீடாக ஏறி இறங்கினார். விலை குறைந்த மருந்தில் வீரியமும் குறைச்சலாம் என்று கூசாமல் புளுகிப் பார்த்தார். ஒருத்தரும் மசியவில்லை. முக்குக் கடையில் கிடைப்பதை வாங்கப் பனியில் யார் போவார்கள் என்று கதவைச் சாத்தினார்கள்.

கடைசியாக லொரெய்ன் வீட்டு வாசலில் நின்று தொப்பியைக் கசக்கினார். "நீங்களும் இனிமே இங்கேயே வாங்கிக்குவீங்க, இல்லையா?"

"எனக்குக் கனடா இன்சுலின்தான் ஒத்துக்குது" என்றார் அந்தம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு.

ஓரினுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இரண்டு பேருக்கு எதற்குப் பஸ் என்று முணுமுணுத்தபடி கில்மன் தன் காரை எடுத்தான். இதுதான் கடைசித் தடவை என்றும் சொல்லிவிட்டான். கனடா மருந்துக்கடையில், எப்போதும்போல நீங்கள் முதலில் வாங்குங்கள், நான் அப்புறம் போகிறேன் என்றார் லொரெய்ன். ஓரின் வாங்கிக்கொண்டு வந்து காரில் காத்திருந்தார். திரும்பும்போது வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குள் எல்லைச் சாவடி வந்து தொலைத்தது.

பஸ் என்றால் எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிற அதிகாரிக்கு அன்றைக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். ஓரினின் பெட்டியில் ஐஸுக்கு நடுவே குப்பிகள் ஒழுங்காக இருந்தன. லொரெய்ன் தன் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். அதிகாரி விடவில்லை. திறந்தால் ஐஸும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரே ஒரு டோனட் மிச்சம் இருந்தது.

ஓரின் பதறிப்போனார். "கில்மன், காரைத் திருப்புப்பா. இவங்க மருந்து வாங்க மறந்துட்டாங்க, உயிர் சமாச்சாரம்."

லொரெய்ன் அவர் பக்கம் திரும்பாமல் அதிகாரியிடமே சொன்னார்: "எனக்கு எந்தக் காலத்துலயும் சர்க்கரை வியாதி கிடையாதுங்க. இந்த மனுஷன் வாயைத் திறப்பார்னுதான் மூணு வருஷமா வெறும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டிருக்கேன்."