மில்ஃபோல்டில் மறு எண்ணிக்கை

"திரும்ப எண்ணணும்" என்றார் மோரீன் ஒக்கெண்டன்.

மைக்கை நோக்கி நடந்த தேர்தல் அதிகாரி ஹாஸ்லம் அம்மையார் அப்படியே நின்றார். மில்ஃபோல்ட் வார்டின் முடிவுத் தாள் அவர் கையில் இருந்தது. விளையாட்டு அரங்கத் தரையின் பேட்மின்டன் கோடுகளின் மேல் போட்டிருந்த மேசைகளில் எண்ணிக்கை ஊழியர்கள் அப்போதுதான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். பிரித்ததை மூடி வைத்தார்கள்.

"நாப்பத்தோரு ஓட்டு வித்தியாசம், மிஸஸ் ஒக்கெண்டன்."

"தெரியும். ஆனா வேட்பாளர் கேக்கலாம் இல்லையா?"

கேட்கலாம். ஊழியர்கள் வாக்குச் சீட்டுக் கட்டுகளின் ரப்பர் பேண்டுகளை மறுபடியும் கழற்றினார்கள்.

பதினாறு வருடம் அந்த வார்டுக்குக் கவுன்சிலராக இருந்தவர் மோரீன். குப்பை வண்டி வராத தெருவுக்காகவும், தண்ணீர் தேங்கும் கல்லறைத் தோட்டப் பாதைக்காகவும் நடையாய் நடந்தவர். இன்றுதான் முதன்முறையாகத் தோற்கிறார்.

ஜெயித்திருப்பவர் டெஸ்மண்ட் த்ரேல், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவரும் அவர் மனைவி பெரிலும் ஒவ்வொரு தேர்தலிலும் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போடுவார்கள். அதில் பெரிலை நாய் கடித்ததுண்டு. டெஸ்மண்ட் ஜெயித்ததில்லை. இப்போது அவர் பக்கத்து நாற்காலியில் தொப்பியைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆதரவாளரான கறிக்கடை கிளைவ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பைபிள் வாசிக்கிறது இந்தம்மாதானே? பேசாம அந்தக் கவுன்சில் நாற்காலியை வீட்டுக்கே தூக்கிட்டுப் போகச் சொல்லுங்கப்பா!"

சிலர் சிரித்தார்கள். மோரீனின் ஏஜென்ட் நைஜல் சிரிக்கவில்லை. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"மோரீன், நம்ம ஓட்டுக் கட்டை எண்ணும்போது நான் பக்கத்துல நின்னு பாத்தேன். தோத்துட்டோம். கௌரவமா கை குடுத்துட்டுக் கிளம்பலாம்."

மோரீன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

"வாசல்ல கேமராவோட நிக்கிற அந்தப் பத்திரிகைக்காரனைத்தானே பாக்குறீங்க? நாளைக்கு முதல் பக்கத்துல உங்க படம்தான். கீழ என்ன எழுதுவானோ! என்ன, ஜெபமா? நாப்பத்தோரு ஓட்டு ஜெபத்துல வராது."

"கேட்டு வைக்கிறதுல என்ன நைஜல்?"

மோரீன் டீ மெஷின் பக்கம் போனபோது டெஸ்மண்டும் அங்கே நின்றிருந்தார். மெஷின் இருவருக்கும் சூப் வாடை அடிக்கும் டீயைக் கொடுத்தது.

"பெரிலைக் காணோமே?" என்றார் மோரீன், ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல.

"காலையில கண்ணு ஆஸ்பத்திரி. பஸ்ல வந்துட்டிருக்கா. நான் ஓட்டின அதே ரூட்டுதான், நேரத்துக்கு வந்தாத்தான் அதிசயம்." டெஸ்மண்ட் சிரிக்கப் பார்த்தார். "அம்மணி, உண்மையைச் சொல்லுங்க. திரும்ப எண்ணினா மாறிடுமா? ஆயுசுல ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருக்கேன். அதையும் பிடுங்கிடாதீங்க."

"எண்ணினாத்தானே தெரியும், டெஸ்மண்ட்."

அவர் முகம் வாடிவிட்டது. மோரீன் தன் சர்க்கரைப் பொட்டலத்தை அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எண்ணி முடித்தார்கள். வித்தியாசம் நாற்பத்திரண்டு.

"ஒரு ஓட்டு மாறியிருக்கே!" மோரீன் எழுந்து நின்றார். "முதல்ல எண்ணினது சரியா, இப்ப எண்ணினது சரியா? இன்னொரு தடவை எண்ணுங்க."

"அது நமக்கு எதிராத்தான் மாறியிருக்கு!" என்று நைஜல் பல்லைக் கடித்தார்.

அரங்கமே முணுமுணுத்தது. பத்திரிகைக்காரர் புகைப்படம் எடுத்தார். பதினாறு வருடமாக மோரீனைக் கண்டால் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போடாத குறையாக நின்ற அரங்கக் காவலாளிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹாஸ்லம் அம்மையார் தாளைப் பார்த்தார், மோரீனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஒரு ஓட்டு மாறினது உண்மைதான். எண்ணுறோம். ஆனா இதுதான் கடைசி."

ரப்பர் பேண்டுகள் மறுபடி கழன்றன. பிஸ்கட் நமத்துப்போனது. டெஸ்மண்ட் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மோரீன் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்திரண்டு. இந்த முறை ஒரு சீட்டும் மாறவில்லை.

ஹாஸ்லம் அம்மையார் மைக்கை நெருங்கினார். மோரீன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அந்த நேரம் வாசல் கதவு திறந்து, மழைக் காற்று உள்ளே அடித்தது. ஊழியர்கள் பதறிப்போய்ச் சீட்டுகளின் மேல் கையை வைத்து அமுக்கினார்கள்.

மோரீன் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். காலையிலிருந்து மடியில் இறுக்கி வைத்திருந்த கைப்பையைத் தரையில் வைத்தார். வேட்பாளர் என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் குத்தியிருந்த ரிப்பன் பூவைக் கழற்றினார்.

நைஜல் தலையைக் கையில் தாங்கியிருந்தார். நிமிரவே இல்லை. "என்ன, மூணாவது தடவையும் கேக்கப் போறீங்களா?"

"வேணாம் நைஜல்" என்றார் மோரீன். "பெரில் வந்துட்டாங்க."