துபாய் ரிட்டர்ன்

“துபாய்ல இப்ப வெயில் எப்படி தம்பி?”

லிஃப்ட்டுக்குள் எதிர்வீட்டுக் குலசிங்கம் இப்படிக் கேட்டதும் மருதப்பனுக்குக் குப்பென்று வியர்த்தது. அவன் இத்தனை மாதமும் இருந்தது உள்ளூர் சாங்கி சிறையில். அங்கே வெயிலைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள்.

“செம சூடு அண்ணே” என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

“ஏன்டி, நான் துபாய்ல வேலை பார்த்தேன்னு புளோக் முழுக்கச் சொல்லி வச்சிருக்கியா?”

“பின்னே? வரி கட்டாத சிகரெட்டை லாரியில ஏத்தி மாட்டிக்கிட்டாருன்னு சொல்லவா?” என்றாள் ரத்தினம்மா. “இதே ஊர்ல, தெம்பனிஸ்ல வேலைன்னு சொல்லியிருப்பேன். அங்க வேலை பார்க்கிறவன் ராத்திரி வீட்டுக்கு வரணுமே!”

சிறையில் ஒழுங்காக நடந்துகொண்டான் என்று, தண்டனை முடியும் முன்பே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டபோதும் ரத்தினம்மா நம்பவில்லை. “நீங்களா? ஒழுங்காவா? அதுக்கு ஜெயிலுக்கா போகணும்?”

மீதித் தண்டனையைக் கிளமெண்டியில் இருந்த தன் வீட்டிலேயே கழிக்கலாம். கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டை மாட்டியிருந்தார்கள். பகலில் வேலைக்குப் போகலாம். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டை காட்டிக் கொடுத்துவிடும். மறுபடியும் ‘துபாய்’தான்.

ஞாயிற்றுக்கிழமை குலசிங்கத்தின் மனைவி பூரணத்துக்குப் பிறந்தநாள். புளோக்குக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் விருந்து. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று, நீளமான சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு அவனை அழைத்துப் போனாள் ரத்தினம்மா.

அங்கே குலசிங்கம் கைபேசியும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

“அநியாயத்தைப் பார்த்தீங்களா? இங்கிலாந்துல ஜெயில்ல இடமில்லையாம். கைதிங்களை முன்னாடியே வெளிய விடுறாங்களாம்! இடமில்லன்னா இருக்கிற கட்டிலுக்கு மேல இன்னொரு கட்டிலைப் போடு. அதை விட்டுட்டு ஊருக்குள்ள அவிழ்த்து விடுறதா? நம்ம புளோக்குக்கு அப்படி ஒருத்தன் வந்தான்னா, அன்னைக்கே நான் வீட்டை வித்துடுவேன். தம்பி என்ன சொல்றீங்க?”

எல்லாரும் மருதப்பனைப் பார்த்தார்கள்.

“விடவே கூடாது அண்ணே” என்றான் மருதப்பன், மேசைக்கு அடியில் சாக்ஸை இழுத்துவிட்டபடி. “இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துப் போடணும்.”

சொன்ன வேகத்தில் அவனுக்கே அவன்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

பூரணம் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“துபாய்ல சாப்பாடெல்லாம் எப்படி தம்பி?”

“நேரத்துக்கு வந்துடும் அக்கா. கதவுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க.”

“ரூம்ல எத்தனை பேர்?”

“நாலு பேர். ஒருத்தன் பயங்கரமா குறட்டை விடுவான்.”

“வெளிய போய்ச் சுத்திப் பார்த்தீங்களா?”

“ஒரு மணி நேரம் விடுவாங்க…”

ரத்தினம்மா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

“கம்பெனி ரொம்பக் கண்டிப்பு அக்கா” என்று முடித்தான்.

மணி ஆறரை தாண்டியது. ஃபேரர் பார்க் கடையில் சொல்லியிருந்த பிரியாணி வந்து சேரவில்லை. அது வராமல் கேக் வெட்டக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

மருதப்பன் நைசாக எழுந்தான். மேல்மாடி ரமீஸ் அவன் தோளைப் பிடித்து அமுக்கினான்.

“எங்க அண்ணே ஓடுறீங்க? துபாய்க்காரர் இல்லாம கேக் வெட்டுறதா? உட்காருங்க லா!”

“வயிறு சரியில்ல ரமீஸ்.”

“பிரியாணி வந்தா எல்லாம் சரியாயிடும்.”

மருதப்பன் நெருப்பின்மேல் உட்கார்ந்தவன்போல நெளிந்தான். மறுபடி உள்ளே போனால் குறட்டைக்காரன் கேட்பானே, என்ன சொல்வது? கேக் வெட்ட லேட்டாகிவிட்டது என்றா?

அப்போதுதான் குலசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திடீரென்று எழுந்து கையைத் தட்டினார்.

“மழை வருது! எல்லாரும் மேல வாங்க. மருதப்பன் வீட்டுல கேக் வெட்டிக்கலாம்!”

வெளியே வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

“பன்னிரண்டு மாடிக்கு அடியில உட்கார்ந்திருக்கோம். மழை வந்தா நமக்கென்ன அங்கிள்?” என்றான் ரமீஸ்.

“சாரல் அடிக்கும்!”

பூரணம் வானத்தைப் பார்த்தாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஓம், தூறுது” என்று கேக்கைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தாள்.

ரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பிறந்தநாள் அவங்களுக்கு, வீடு கூட்டுறது நானா? எதிர்லதானே அவங்க வீடு, அங்க போக வேண்டியதுதானே!” என்று புருஷன் காதில் கடித்தாள்.

அவன் பதில் சொல்ல நிற்கவில்லை. படியில் பறந்துகொண்டிருந்தான்.

வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்தபோது ஏழாக ஒரு நிமிடம் இருந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பின்னாலேயே லிஃப்ட்டில் வந்த கூட்டம் வீட்டை நிறைத்தது. சோபாவில் இடமில்லாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். கேக் பெட்டியைத் திறந்து பாட ஆரம்பித்தார்கள்.

குலசிங்கம் மெதுவாக அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்ல வேளை. நேரத்துக்கு வந்துட்டீங்க.”

“எந்த… எந்த நேரத்துக்கு அண்ணே?”

“தினமும் ஏழு மணிக்கு முன்னாடி, லிஃப்ட்டுக்குக்கூட நிக்காம படியில ஓடி வர்றீங்களே. பார்க்கிறவனுக்குத் தெரியாதா?”

மருதப்பன் குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டான்.

குலசிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

“எனக்கெல்லாம் அப்ப ஆறு மணிக்கே உள்ள வந்துடணும். உங்களை ஏழு மணி வரைக்கும் விட்டு வச்சிருக்காங்க. இப்பல்லாம் ரொம்பத்தான் இடம் குடுக்கிறாங்க தம்பி!”