களக்காட்டுப் பேருந்தின் பழைய குரல்

மாவட்டத்துப் பேருந்துகளில் நடத்துநர் என்பது கணினி பேசும் வெறும் குரல்தான். அந்தக் குரல்களை மென்பொருள் பொறியாளர் ஜெயசெல்வி அன்று காலை புதுப்பித்தாள். பயணிகளோடு பேசிக்கொண்டிருக்கும் பேச்சு முடிந்ததும் பழைய குரல் விடைபெறும், புதியது வந்து அமரும். களக்காட்டுப் பேருந்தில் மட்டும் மாலையாகியும் பழையதே பேசிக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவளே எழுதிய விதி. என்னதான் பேசுகிறார்கள் என்று பார்க்க அவளே ஏறினாள்.

"மீன்குழம்புக்குப் புளி எவ்வளவுண்ணே?" என்று குரலிடம் கேட்ட நர்ஸ், தன் நிறுத்தம் வந்ததும் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

"புளி கெடக்கட்டும், மழை வருமாண்ணே?" என்று அவர் தொடர்ந்தார்.

பேச்சை இப்படி விடாமல் கைமாற்றுவது ஏன் என்று ஜெயசெல்வி அவரிடம் மெல்லக் கேட்டாள்.

"மத்த பஸ்ல புது ஆளு நேரமானா கெளம்பிருதாரும்மா. இவருதான் ஓடியாறவங்களுக்கு நிப்பாரு."

அதற்குள் வண்டி நின்றது. "மெதுவா வாங்கம்மா, வண்டி எங்கயும் போவாது" என்றது குரல். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மூச்சிரைக்க ஏறினாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இனி ஜெயசெல்வி வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், பழைய குரல் விடைபெற்றுவிடும், வேலை முடிந்துவிடும்.

அவள் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே, அந்தப் புளி எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே?"