அய்யம்மாள் ஸ்டோர் அடுப்பு

"அண்ணே, நீங்க வந்து கை வச்சாத்தான் இந்த அடுப்பு பத்தும்போல இருக்கு."

அய்யம்மாள் இப்படிச் சொன்னதும் ஒச்சப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலையிலேயே ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டதும் அவள்தான். போடிமெட்டுச் சரிவில் தன்னைவிட அடுப்பு தெரிந்தவன் கிடையாது என்பது அவருடைய நெடுநாளைய அபிப்பிராயம். மற்றவர்களின் அபிப்பிராயத்தை அவர் கேட்டதில்லை.

ஸ்டோர் என்பது பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். வெளியே விறகடுப்பு. அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளறையைச் சுற்றி வந்து புகைபோக்கியில் வெளியேறும். பறித்த காயை உடனே சூட்டில் ஏற்றாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயைப் போடி ஏலத்தில் யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் புருஷன் தவசி காய்ச்சலில் போன பிறகு, அய்யம்மாள் தனியாக நின்று எடுத்த முதல் காய் இது. பொம்பளைக்கு மலைத்தோட்டம் சரிப்படாது, விற்றுவிட்டுக் கீழே சொந்த ஊர் சிலமலைக்கே வந்து சேர் என்று சொந்தக்காரர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொள்ளப் பக்கத்துத் தோட்டத்து ஒச்சப்பன் தயாராக இருந்தார். இந்தக் காய் வீணானால் தோட்டமும் கை மாறிவிடும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சுவரோரம் சாக்கு மூட்டைகள் வாய் தைத்து அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் சாய்ந்தபடி அய்யம்மாள் நின்றாள். ஒச்சப்பனின் பார்வை அடுப்பைவிட மூட்டைகள் மேல்தான் அதிகம் இருந்தது.

முதலில் விறகு ஈரம் என்றார். காய்ந்த விறகு வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். புகை உள்ளே போக மறுத்து அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. அடுத்து, காற்று எதிர்த்து அடிக்கிறது என்றார். தகரத்தை மறைப்பாக வைத்தார்கள். அப்போதும் புகை அவரைத்தான் தேடி வந்தது. கூரைமேல் ஏறிப் புகைபோக்கிக்குள் மூங்கிலை விட்டுக் குத்தியதில் ஒரு குருவிக்கூடு கிடைத்தது. தேர்தலில் ஜெயித்தவரைப் போல அதைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினார். மறுபடி பற்றவைத்ததில் அவருடைய வெள்ளை மீசை கறுப்பானதுதான் மிச்சம்.

"உள்குழாயைப் பார்த்தியா ஆத்தா?"

"நேத்தே பார்த்துட்டேண்ணே."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. உள்ளறைக்குள் தவழ்ந்து போக அவருடைய தொந்தியும் இடம் கொடுக்காது.

மதியத்துக்குள் மஞ்சு மூடுபனியாக இறங்கிவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒச்சப்பனின் வீடும் ஸ்டோரும் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் கிளம்பலாம் என்று எழுந்தபோதெல்லாம், இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், உங்களைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அய்யம்மாள் கெஞ்சினாள். கஞ்சியும் கருவாடும் கொடுத்தாள். தன்னை விட்டால் ஆளில்லை என்று கேட்க அவருக்கு அலுக்கவே இல்லை.

கடைசியில் அவளே மெதுவாகக் கேட்டாள்.

"உங்க தோட்டத்துல இந்த வாரம் காயெடுப்பு இல்லையேண்ணே. ஸ்டோர் சும்மாதானே கிடக்கு. இந்த ஒரு தடவை என் காயை அதுல போட்டுக்கிறவா?"

ஒச்சப்பன் சிரித்தார். "எங்க மாமனார் தன் மகளுக்குன்னு கட்டிக்கொடுத்த ஸ்டோரு அது. அதுல அடுத்தவுக காயை ஏத்துற பழக்கமில்லை. பச்சையாவே எனக்குப் போட்டுரு. பாதி விலை தர்றேன்."

"மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போமாண்ணே?"

"சுந்தரம்மாகிட்டயா? அவகிட்ட என்னத்தைக் கேக்குறது? அடுப்படியைத் தாண்டி அவளுக்கு என்ன தெரியும்?"

அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்த ஒச்சப்பனுக்கு லேசாக இரக்கம்கூட வந்தது. ஆனாலும் விலையை ஏற்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அடுப்பு செத்துப்போச்சு ஆத்தா. இந்நேரம் காய் நிறம் மாற ஆரம்பிச்சிருக்கும். யோசிக்க நேரமில்லை, நான் வெரசா எடுத்துட்டுப் போறேன்."

பதிலுக்குக் காத்திராமல் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து, தம் கட்டித் தூக்கினார். தூக்கிய வேகத்தில் மூட்டை தலைக்கு மேலே போனது, அவர் தரையில் உட்கார்ந்தார். தையல் பிரிந்து, உள்ளேயிருந்து காய்ந்த ஏலச்சருகு அவர் மடியெல்லாம் கொட்டியது.

"காய் எங்கே ஆத்தா?"

அய்யம்மாள் ஓடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். மஞ்சு விலகியிருந்தது. ஒச்சப்பனின் ஸ்டோர் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"உள்குழாய் துருப்பிடிச்சு விழுந்துகிடக்குண்ணே. புதுக்குழாய் வந்தாத்தான் இது பத்தும்." முகத்துக் கரியைத் துடைத்துக்கொள்ள அவரிடம் ஒரு துணியை நீட்டினாள். நாளெல்லாம் அடக்கிவைத்த சிரிப்பு இப்போதுதான் அவளுக்கு வெளியே வந்தது. "நீங்க இந்தப் பக்கம் ஏறுனதும் காய் மதினி ஸ்டோருக்குப் போயிருச்சு. அவுகளே அடுக்கி, அவுகளே அடுப்பையும் பத்த வச்சாக. சூடு ஏறி முடியுற வரைக்கும் உங்களை இங்கன பிடிச்சு வைக்கிறது மட்டுந்தான் அவுக எனக்கு விட்ட சோலி."