குரல் மட்டும்

வீடியோ பாடங்களில் என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, படங்களோடு குரலை மட்டும் வைத்தேன்.

அதிலிருந்து முட்டைக்கண்ணி எந்தத் தேர்விலும் தேறவில்லை. முதல் பெஞ்சிலிருந்து என்னை விழுங்குவதுபோல் பார்ப்பவளுக்கு வகுப்பு வைத்த பெயர் அது.

"பின்தங்கின பிரிவுக்கு மாத்திடுங்க," என்றார் தலைமையாசிரியர்.

அவளை வரச்சொன்னேன். "வீடியோ பார்க்கறதே இல்லையாடி?"

"தினம் பார்க்கறேன் மிஸ். உங்க முகம்தான் இல்லையே."

"ஐஸ் வைக்காதே. குரல் இருக்குல்ல? போ!"

போனாள். மனசு கேட்காமல் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். வராந்தாவில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள், அவளைத் தவிர.

ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். குரலே எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைத்தேன்: "என்மேல கோபமா?"

"இல்ல மிஸ்," என்றாள்.