மூலையில் அடுக்கிய தும்புச் சாக்குகள்

“இது வேணாங்க தம்பி. இதுல எம் மவன் இல்லீங்க.”

இராமையா கசெட்டை மேசைமேல் வைத்துவிட்டார். றோலண்டுக்குச் சுருக்கென்றது. ஆறு மாதப் பாடு அந்தக் கசெட்.

கொட்டகலைக் கடைவீதியில் ரேடியோ திருத்தும் றோலண்ட், தன் வீட்டுப் பின்னறையையே ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்தான். பத்தடிக்கு எட்டடி. கோவில் பஜனை, தேவாலயப் பாடல், கலியாண வாழ்த்து எல்லாம் அங்கேதான் பதிவாகும். பதிந்ததை வீட்டில் போட்டுக் கேட்டவர்களோ, “என்னங்க, தொம்தொம்முன்னு ஒரே முழக்கமா இருக்கு. பாட்டு எங்க?” என்று திரும்பி வந்தார்கள்.

குற்றம் அறையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு நான்கு வருடம் பிடித்தது. தடித்த ஓசையெல்லாம் மூலைகளில் போய்க் குவிந்தது. அவன் நாற்காலி கிடந்த நடுவிலோ அது கேட்கவே இல்லை. போதாது, போதாது என்று அவன் பதிவில் அதைக் கூட்டிக்கொண்டே போயிருந்தான். நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை தேங்காய்த் தும்பு அடைத்த சாக்குகளை அடுக்கி, நாற்காலியையும் இடம் மாற்றிப் போட்ட பிறகே காது தெளிந்தது.

“மெத்தைக்கு வாங்கி வச்ச தும்பு,” என்றாள் மனைவி றோசலின். “சொவரு சொகமாத் தூங்கட்டும். நாம பாயில கெடப்போம்.”

தெளிந்த காதோடு அவன் முதலில் எடுத்தது அழகுமுத்துவின் பாட்டைத்தான். இராமையாவின் ஒரே மகன். 1978இல், இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்கு முந்திய வாரம், பழைய ஸ்பூல் மெஷினில் ஒரு தடத்தில் தப்பு மேளமடித்து, மறு தடத்தில் பாடிவிட்டுப் போனவன். இரு அரசுகளின் ஒப்பந்தத்தில் அப்பனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட். கோத்தகிரிப் பக்கம் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு நான்கு வருடமாக ஒன்றுமில்லை.

அப்போது அதிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய கசெட்டைப் போட்டுப் போட்டு நாடா அறுந்துபோய், புதிதாக ஒன்று கேட்டு வந்திருந்தார் இராமையா. றோலண்ட் மகிழ்ந்தே போனான். தப்பைத் தணித்து, குரலைத் துலக்கி, தன் பழைய பிழையையெல்லாம் திருத்திக் கொடுத்தனுப்பினான்.

இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது.

“மகன் மூச்சு வாங்குறதுகூட இதுல கேக்குது, பெரியவரே. பழசுல ஒரு சொல்லாவது வெளங்குமா?”

இராமையா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு நாளா ரேடியோவ மடியில வச்சுப் பாத்துட்டேங்க. பழசுதான் எம் மவன்.”

றோலண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினைத் துடைத்தான். “பழசுல என்னா நல்லாருந்திச்சு? சொல்லுங்க பாப்பம்.”

பதில் இல்லை.

“கேக்குறேன்ல?”

பெரியவர் மூலைச் சாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன திமிர்! முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தரைக்கும் மெஷினோடு நின்ற மனிதருக்குப் பாட்டின் நயம் என்ன தெரியும்?

தேநீர் கொண்டுவந்த றோசலின் கணவனின் காதோடு சொன்னாள்: “நீங்க பேசினா ஒங்க வாயையே பாக்குறாரு. வெத்தல கேக்கக் கூச்சமோ என்னமோ!”

றோலண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கம் திரும்பினான். “சரி, பழையபடியே போடுறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.”

தப்பின் ஒலித் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனான். அறை முழங்கியது. தட்டில் தேநீர்க் கோப்பை நடுங்கியது.

இராமையா ஸ்பீக்கர் பெட்டியருகே போய்க் குந்தினார். உள்ளங்கை இரண்டையும் அதன்மேல் வைத்தார். பிறகு நெஞ்சையும் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார்.

“பொட்டியில சாயாதீங்க!”

அவர் அசையவில்லை.

றோலண்டுக்குக் கோபம் தலைக்கேறியது. மகனின் குரல் காணாமற் போனாலாவது இந்த மனிதருக்குக் குரலின் அருமை தெரியட்டும். குரலின் திருகை மெல்ல மெல்லக் குறைத்தான். பாதி. கால். பிறகு முழுவதும் அடைத்தே விட்டான். பெட்டியிலிருந்து இப்போது வந்தது வெறும் தப்பு மட்டும்.

பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல்கள் பெட்டிமேல் தாளம் போட்டன. உதடுகள் மகனின் பாட்டை ஓசையின்றி, ஒரு சொல் பிசகாமல், தாளத்தோடு சொல்லிக்கொண்டே போயின. ஒரு சரணம் முழுவதும் அப்படியே முடிந்தது.

“பாத்தீங்களா தம்பி,” என்றார் கண் திறக்காமலே. “எம் மவன் எப்பிடிப் பாடுறான்னு!”

றோசலினின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

முப்பத்திரண்டு வருட மெஷின் இரைச்சல் அந்த மனிதரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போயிருந்தது என்பது றோலண்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

குரலைத் திரும்பத் திறந்தான். தப்பை முன்பிருந்ததைவிடவும் ஒரு சுற்றுக் கூட்டினான். புதுக் கசெட்டைச் செருகிப் பதிவை ஓடவிட்டான். பிறகு பெரியவரின் எதிரே வந்து முழங்காலிட்டு, அவர் கண் திறக்கும்வரை காத்திருந்தான். உதடுகள் நன்றாகத் தெரியும்படி, நிதானமாகச் சொன்னான்:

“சொல்லுச் சொல்லாப் பாடுறாருங்க. எனக்குத்தான் இத்தன நாளாக் காது கேக்கல.”